சீட்டுக்கு அடியில் மஞ்சள் கோடு

கம்பெனியில் முதலில் மூடியது சேற்றுக் குழியைத்தான்.

சென்னை ரோட்டில் ஏனாத்தூர்ப் பிரிவு தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கம்பெனி. சின்ன டிராக்டர் செய்கிற இடம். பெரிய டிராக்டர் இறங்கினால் திரும்ப வழியில்லாத அரைக் காணி, முக்கால் காணிக் கழனிகளுக்கென்றே செய்த வண்டி. குட்டை வண்டி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஷெட்டுக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தாமல் ஏரியிலிருந்து லாரியில் களிமண் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் கட்டி வைத்திருந்தார்கள். லைனிலிருந்து இறங்குகிற வண்டிகளில் பத்துக்கு ஒன்றை அந்தக் குழியில் இறக்கி ஒரு ஷிஃப்டு முழுக்க உழப்பி எடுப்பார்கள். சேற்றில் நிற்காத வண்டியை எங்கள் ஊர் விவசாயி சீண்டமாட்டான் என்பது பழைய முதலாளிக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தேவைப்படவில்லை. போன வருஷம் சித்திரையில் அந்தக் குழியில் ஜல்லி கொட்டிக் கான்கிரீட் போட்டார்கள். கண்டெய்னர் லாரி திரும்புவதற்கு இடம் வேண்டுமாம்.

எதற்குக் கண்டெய்னர் லாரி என்று கேட்டவர்களுக்கு அடுத்த மாதம் பதில் வந்தது. இனி இங்கே வண்டி செய்யப்போவதில்லை. கடல் தாண்டி ஒரு நாட்டில் ஒருவன் இதே அளவில் வண்டி செய்து, பத்து நாட்டுக்குப் பத்துப் பெயரில் அனுப்புகிறான். அவனிடமிருந்து முழு வண்டியாகவே வந்துவிடும். இங்கே கழுவித் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். லைனில் இருந்த அறுபத்து மூன்று பேரில் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு மீதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அந்த எட்டில் ஒருவன் முனிரத்தினம். கைத்திறமையைப் பார்த்துத்தான் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். பாவம், அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது.

முனிரத்தினத்துக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது தாமலில், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற காலனியில். அப்பா, அம்மா இரண்டு பேரும் கடைசிவரை அடுத்தவர் கழனியில் நாற்றுப் பிடுங்கிக் கதிர் அறுத்தவர்கள். அந்தத் தெருவில் ஐ.டி.ஐ. படித்துக் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் அவன். பத்தொன்பது வருஷமாகப் பின் அச்சில் வேலை. பின் சக்கரத்தைத் தாங்குகிற அச்சு வண்டியின் உடம்போடு சேருகிற இடத்தில் பக்கத்துக்கு எட்டு போல்ட்டு. கூட்டாளி ராமராஜன் போல்ட்டை மாட்டிக் கையால் திருகி விடுவான். முனிரத்தினம் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குவான். சரியான அளவு வந்ததும் அந்த ஸ்பானர் கிளிக் என்று ஒரு சத்தம் போடும். சத்தம் கேட்டதும் மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்துப் போல்ட்டின் தலையிலிருந்து கீழே அச்சுக்கூடு வரைக்கும் ஒரு கோடு இழுப்பான். பின்னால் போல்ட்டு ஒரு நூல் தளர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா வண்டிக் கம்பெனியிலும் இருக்கிற வழக்கம்தான் இது. முனிரத்தினம் தன் பங்குக்குச் சேர்த்தது ஒன்றே ஒன்று. முதல் போல்ட்டில் கோட்டைத் தொடங்குவதற்கு முன்னால் அச்சுக்கூட்டின் மேல் ஒரு பிள்ளையார் சுழி போடுவான். பரீட்சைப் பேப்பரிலிருந்து மளிகைச் சீட்டு வரைக்கும் எல்லாவற்றின் தலையிலும் போடுகிற சுழிதான். ஒரு ஆபீசர் வந்து இது என்ன கிறுக்கல் என்று கேட்டதற்கு, "கை தானா போட்டுடுது சார்" என்றான். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சுழி ஊர் சுற்றியது. முதலில் தாமல்காரர்கள்தான் சொன்னார்கள், டிரைவர் சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள், சுழி போட்டு மஞ்சள் கோடு இருந்தால் நம்ம முனி முடுக்கியது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று. பிறகு செய்யாறு, ஆரணி வரைக்கும் அது போய்விட்டது. வண்டி எடுக்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் சீட்டைத் தூக்கினார்கள்.

முதல் கண்டெய்னர் வந்த அன்றைக்கே முனிரத்தினம் குனிந்து பார்த்துவிட்டான். பார்த்ததும் நேராகப் பிளான்ட் மேனேஜர் பிரேம்நாத்திடம் போனான்.

"சார், அச்சு போல்ட்டு எதுக்குமே ஸ்பிரிங் வாஷர் இல்ல சார். வெறும் போல்ட்டு நிக்குது. சேத்துல எறங்கி ஆட்டம் குடுத்தா லூசாயிடும் சார்."

"அவங்க டிசைன் வேற, முனிரத்தினம். டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் பக்காவா இருக்குது."

"எதுல சார் டெஸ்ட் பண்ணாங்களாம்?"

"ட்ராக்ல."

"சேத்துல?"

பிரேம்நாத் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. வேலை போன ஐம்பத்தைந்து பேருக்கும் தனித்தனியாகக் கை கொடுத்து அனுப்பியவர் அவர்தான்.

"நானாவது ஒரு தபா எல்லாத்துக்கும் வாஷர் போட்டு முடுக்கி உட்டுடறேனே சார்."

"தொடாதீங்க. சீல் போட்டு வந்திருக்குது. பிரிச்சோம்னு தெரிஞ்சா சப்ளையர் வாரன்டி இல்லேன்னுடுவான். அப்புறம் அத்தினி வண்டியும் நம்ம தலைல."

மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை உட்காரச் சொன்னார், டீ வந்தது.

"டீலருங்க எல்லாம் போன் மேல போன் போடறாங்க முனிரத்தினம். சீட்ட தூக்கிப் பாத்துட்டு, கோடு இல்லியேன்னு கஸ்டமர் எழுந்து போயிடறானாம். நீங்க அந்தக் கோட்ட மட்டும் போட்டுடுங்க."

"முடுக்காமயா சார்?"

"அவங்க முடுக்கித்தானே அனுப்பறாங்க?"

"அப்ப அவங்களே கோடு போட்டு அனுப்பட்டும் சார்."

"உங்க கோடு அவங்களுக்கு வராதுபா." பிரேம்நாத் குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "ஸ்டிக்கர் ஒட்ட நாலு பேர் போதும். எட்டு பேர எதுக்கு வெச்சிருக்கேன்னு நெனச்சீங்க?"

மிரட்டத் தெரிந்தவர்கள் சத்தம் போடுவதில்லை. முனிரத்தினம் டீயைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் காலையில் அவன் சோறு கட்டாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ரேணுகாம்பாள் ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் சாம்பார்க் கரண்டியுமாகச் சமையலறைக்கும் கண்ணாடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் அவளுக்குப் புடவை மடிக்கிற வேலை. ஒன்பதே காலுக்குள் உள்ளே போகவில்லை என்றால் முதலாளியம்மா வாசலில் நிற்பாள்.

"இன்னா மாமா, எழவு வூடு மாரி ஒக்காந்துக்கினு இருக்க? எழுந்திரு, பஸ் வந்துரும்."

அவன் சொன்னான். அவள் கரண்டியை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்குத்தானா? எங்க கடைல டெய்லி பண்றதுதான மாமா. எங்கியோ மெஷின்ல ஓட்டுன பொடவ மூட்ட மூட்டையா வந்து எறங்குது. நாங்க பிரிச்சி, மடிச்சி, கடை அட்டைய உள்ள சொருவறோம். கல்யாணத்துக்கு எடுக்க வர்ற பொம்பளைங்க தடவிப் பாத்துட்டு, காஞ்சிபுரம் பட்டுன்னா பட்டுதாம்மான்னு பூரிச்சிப் போறாங்க. யாரு செத்துட்டா?"

"பொடவ பிரிஞ்சா யாரும் சாவ மாட்டாங்க ரேணு."

"வண்டி பிரிஞ்சா அத்த செஞ்சவன் பாத்துப்பான். நீ செஞ்சியா? இல்ல. நீ போடறது கோடு. கோடு யாரையும் கொல்லாது."

"ஜனங்க அத்த நம்பி எடுக்கறாங்க."

"நம்பட்டும். நானும் நம்பித்தான் உன்ன கட்டிக்கினேன்." சொல்லிவிட்டு, மகள் பேச்சுக்கு வந்து அவளே குரலை மாற்றிக்கொண்டாள். "திரிஷாவுக்கு நர்சிங் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது மாமா. அவ முடிச்சி வெளிய வந்துரட்டும். அப்புறம் நீ அரிச்சந்திரனா இரு, நானே உனக்கு மாலை வாங்கியாந்து போடறேன். இப்ப சோத்த கட்டு."

ரேணுகாம்பாளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எட்டு மணி நேரம் நின்றபடி பொய் மடித்துவிட்டு வருகிறவளுக்கு இன்னொரு பொய் பெரிதாகத் தெரிய நியாயம் இல்லை. முனிரத்தினம் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

அன்றிலிருந்து கோடு போட்டான். ஒரு வண்டிக்குப் பதினாறு கோடு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டி. ஸ்பானர் பிடித்த கையில் பேனா மட்டும் இருந்தது. சுழி மட்டும் போடவில்லை. வெறும் கோடுதானே, சுழி போட்டால்தான் அது என் பேச்சு என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொண்டான். வாங்குகிறவர்கள் மஞ்சளைப் பார்த்ததுமே சீட்டை இறக்கிவிட்டார்கள். சுழியைத் தேடியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ராமராஜன் ஷேர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டிருந்தான். ஒரு நாள் கம்பெனி பஸ் தவறிப்போய் முனிரத்தினம் அவன் ஆட்டோவில்தான் ஏற வேண்டியிருந்தது. பின்னால் காலேஜ் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவன் முன்னால் டிரைவர் சீட்டில் பாதியில் தொற்றிக்கொண்டான்.

"இன்னா முனி, இன்னிக்கு எத்தினி வண்டிக்குப் பொட்டு வெக்கப் போற?"

"ரோட்ட பாத்து ஓட்டுடா."

"ஓட்டிக்கினுதான் இருக்கேன். இல்ல, எனக்கு ஒண்ணு புரியல. நான் திருகாத போல்ட்டு, நீ முடுக்காத போல்ட்டு, அதுக்கு நீ கோடு போடற. பெக்காத புள்ளைக்குப் பேர் வெக்கற மாரி இருக்குதுபா."

பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தது. முனிரத்தினம் கம்பெனி வாசலுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தான். ராமராஜன் மேல் வந்த கோபம் ராமராஜனுக்குச் சேர வேண்டியது இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால் அது இன்னும் எரிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை கடைசியில் தாமல் ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே ஓடியது. அப்போதுதான் அவன் அக்கா வடிவாம்பாள் போன் செய்தாள்.

வடிவாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே மகளை வாலாஜாவில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். ஏரிக்குக் கீழே ஒன்றரைக் காணி குத்தகை. ஏரி நிரம்பி மதகு திறந்தால் அவள் வயிறு எரியத் தொடங்கும். டிராக்டர் வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் கழனியை உழுவார்கள், பிறகு பங்காளி கழனி, பிறகு சிநேகிதர் கழனி, காலனிக்காரர்களின் குத்தகைக் கழனிக்குக் கடைசியில்தான் வண்டி திரும்பும். அதற்குள் மற்றவர்கள் நட்டு முடித்து நாற்று பச்சை கட்டியிருக்கும். "வர்றேன் வர்றேன்னு சொல்றானுங்களே தவிர, வர்றது இல்ல" என்று சொல்லி வருஷா வருஷம் வரப்பில் நின்றவள், இந்த வருஷம் மகளிர் குழுவில் பேசி, மானியத்துக்கு எழுதிப்போட்டு, பதினைந்து நாள் இலவசப் பயிற்சியில் தானே ஓட்டக் கற்றுக்கொண்டும் வந்துவிட்டாள்.

"முனி, வண்டி புக் பண்ணிட்டேன்டா."

"எந்த வண்டிக்கா?"

"இன்னாடா கேள்வி இது? நம்ம வண்டிதான். உன் வண்டி."

அவன் கண்டெய்னர் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தான். "வேற ஒண்ணு ரெண்டு பாத்துட்டு எடுக்கலாமேக்கா."

"உன் கை பட்ட வண்டி இருக்க சொல்ல நான் எதுக்குடா வேற பாக்கணும்? நம்ம தெருவுல மொத வண்டிடா இது. அம்மா இருந்திருந்தா அது மேல ஏறி ஒக்காந்துக்கினு எறங்கவே எறங்காது."

அப்போதே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் அவனைத் தடுக்கவில்லை. அக்கா கம்பெனிக்குப் போன் போட்டா சொல்லப்போகிறாள்? தடுத்தது வெட்கம். நான் இப்போது டிராக்டர் செய்வதில்லை அக்கா, வந்து இறங்குகிறதைத் துடைத்துக் கோடு போடுகிறேன் என்று அந்தத் தெருவின் முதல் கம்பெனிச் சட்டைக்காரன் தன் வாயால் சொல்ல வேண்டும். அது அவனால் ஆகவில்லை. "சரிக்கா" என்று போனை வைத்தான்.

தாமலுக்குப் போகிற வண்டி எது என்று டெஸ்பாட்ச் சீட்டில் பார்த்துவைத்துக்கொண்டான். அதற்குக் கடைசியாகக் கோடு போட்டான். முதல் போல்ட்டுக்கு வந்தபோது கை நின்றது. மாதக்கணக்கில் போடாத சுழியை அன்றைக்குப் போட்டான். ஊர் எல்லையம்மனை நினைத்துக்கொண்டு நிதானமாக, அழகாகப் போட்டான். பொய்யான கோட்டுக்கு மேல் சாமியைக் காவல் வைத்துவிட்டால் அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவனுக்கு நிஜமாகவே தோன்றியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஏறிப் பத்தொன்பது சைஸ் ஸ்பானர் ஒன்றும் பதினாறு ஸ்பிரிங் வாஷரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தாமலுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றி வாஷர் போட்டு முடுக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஒரு மணி நேர வேலை.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டு வாசலில் நீல நிறத் தார்ப்பாய்க்குக் கீழே வண்டி நின்றது. மூக்கில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் நசுக்கிய எலுமிச்சம்பழம் அப்படியே கிடந்தது. இவன் பஸ் இறங்கி வருவதற்கு முன்பே தெரு கூடியிருந்தது.

"வாடா வாடா. தோ பாருங்கடி, செஞ்சவனே வந்துட்டான்" என்று வடிவாம்பாள் அவன் கையிலிருந்து பையை வாங்கி உள்ளே ஆணியில் மாட்டினாள். பிறகு வெளியே வந்து, யாரும் கேட்காமலே சீட்டைத் தூக்கினாள். செல்போன் லைட்டை அடித்தாள். "ஏ மங்க, நீ பாக்கலியே? இங்க குனி. இதான் சுழி."

பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி குனிந்து பார்த்தாள். "ஆமாக்கா, இஸ்கூல்ல போடற மாரியே இருக்குது."

"இந்தச் சுழி இருந்தா வண்டிக்கு ஒண்ணியும் ஆவாது. ஆரணில கேட்டுப் பாரு, சொல்லுவாங்க." நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். முகம் முழுக்க மழைத்தண்ணீரும் சிரிப்பும். "நீ முடுக்கனதுதானடா?"

தெருவே அவனைப் பார்த்தது.

"ஆமாக்கா" என்றான்.

சாப்பாடு பிரமாதமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கலங்கலில் பிடித்த விராலை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, தனியாக நாலு துண்டு வறுத்தும் வைத்திருந்தாள். சுடுசோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"வர்ற வாரம் மதகு தொறக்கறாங்க. மொதல்ல நம்முளுது. அப்புறம் மங்கையுது, அப்புறம் நம்ம தெரு எல்லாம். யாருகிட்டயும் போயி நிக்க வேணாம். திருப்புட்குழி சீனிவாசன் இருக்காரே, அவரே கூப்ட்டு அனுப்பிருக்காரு. அவரு பெரிய டிராக்டரு அந்தப் பள்ளக் கழனில எறங்காதாம். அம்மா அவங்க கழனில நாத்து நட்டாங்க, ஞாபகம் இருக்குதா? எனக்கு இருக்குது. கூலி கேட்டுக்கினு வாசல்ல நிக்கும். இப்ப அதே கழனில நான் வண்டில போயி எறங்கப் போறேன். போடு, இன்னொரு துண்டு போட்டுக்க."

ஆணியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே போனால், நீ முடுக்கியதை நீயே ஏன் கழற்றுகிறாய் என்று கேட்பார்கள். செல்போன் லைட் அடித்துச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மழை விடட்டும், கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தான். மழை விட்டது. கூட்டம் கலையவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்க எழுந்தபோது அடுத்த ஞாயிறு வந்து செய்துவிடலாம் என்று முடிவுசெய்துகொண்டான்.

வடிவாம்பாள் வறுத்த மீனை டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்தாள். "திரிஷாவுக்குக் குடு. இன்னாடா, இந்தக் கனம் கனக்குது?"

"கம்பெனி சாமான்க்கா."

"லீவு நாள்ல கூட உன்ன உட மாட்டேங்கறாங்களா?" என்று அவன் தலையைத் தடவி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு ஸ்டாக் கணக்கு என்று கம்பெனிக்கு வரச்சொன்னார்கள். அதற்கடுத்த ஞாயிறு வருவதற்குள், வியாழக்கிழமை காலையில், சீனிவாசன் கழனியில் வண்டி சாய்ந்தது.

நடவுக்காகச் சேற்றை உழப்பிச் சேடை ஓட்டி முடிக்கிற சமயம். வரப்பு ஓரத்தில் திருப்பும்போது இடது பின் சக்கரம் அச்சோடு சேர்ந்து வெளியே பிடுங்கிக்கொண்டது. வண்டி அந்தப் பக்கமாகக் கவிழ, வடிவாம்பாளின் இடது தொடைமேல் மட்கார்டு விழுந்தது. சேறாக இருந்ததால் உயிர் பிழைத்தாள். நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கி அவளை இழுத்து எடுத்தார்கள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

முனிரத்தினம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். முதல் நாளே போயிருக்க வேண்டும். ஷிஃப்டு என்று ரேணுகாம்பாளை அனுப்பிவிட்டு, ஒரு நாள் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்துவிட்டான். பெண்கள் வார்டுக்கு வெளியே வராந்தாவில் தாமல் தெரு பாதி உட்கார்ந்திருந்தது. மங்கையர்க்கரசி எழுந்து வந்தாள்.

"போ தம்பி, உன்னத்தான் கேட்டுக்கினே இருக்குது."

வடிவாம்பாளின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது. தம்பியைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"வாடா. சாப்டியா?"

அவன் தலையாட்டினான்.

"நீ இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? உன் மேல ஒண்ணியும் வராது. நான் பாத்துக்கினேன்."

"இன்னாக்கா பாத்துக்கின?"

"காலைல உங்க கம்பெனி சர்வீஸ் ஆளு வந்தான், சட்ட போட்ட புள்ள. வண்டி மேல கொறன்னா, செக் பண்ணி உட்டவன் யாருன்னு பாப்போம், அவன் மேல ஆக்‌ஷன் எடுப்போம்னான். எனக்கு குபீர்னு ஆயிடுச்சி. சுழிய பாத்தா நீன்னு தெரிஞ்சிரும்ல? அதான் நானே சொல்லிட்டேன். வண்டி தங்கமான வண்டிபா, எனக்குத்தான் ஓட்டத் தெரியல, வரப்புல ஒடிச்சிட்டேன்னு. எழுதிக்கினான். படிச்சிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போட்டேன்." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை இழுத்தாள். "தோ, நகலு. நீ பத்திரமா வெச்சிக்க."

முனிரத்தினம் அதை வாங்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அத்த நான் முடுக்கலக்கா."

"ஏது?"

"வண்டி இங்க செய்யறதே இல்ல. கப்பல்ல வருது. நான் வெறும் கோடு போடறேன். உன்னுதுக்கும் வெறும் கோடுதான் போட்டேன். அன்னிக்கு ஸ்பானர் எடுத்துக்கினு வந்தேன்க்கா. பையில இருந்துச்சி. எடுக்கல."

அழுகை வந்து குரல் உயர்ந்துவிட்டது. வடிவாம்பாள் அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள்.

"சத்தம் போடாத" என்றாள். "வெளிய நம்ம தெருக்காரங்க ஒக்காந்துக்கினு இருக்காங்க."

அவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள், வாசனை வந்தது.

"ரேணுவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ராமராஜனுக்கு?"

"தெரியும்."

"எனக்குத்தான் தெரியாது." காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பேசியபோது அவனைப் பார்க்கவில்லை. "அத்தினி பேருக்கும் சீட்ட தூக்கிக் காட்டுனேன்டா நான். மங்கையும் அவ கொழுந்தனும் சுழிய பாத்துட்டு ஆளுக்கு ஒண்ணு புக் பண்ணிருக்காங்க. நாளைக்கு வண்டிய தூக்க கிரேன் வருதாம். தெருவே வந்து நிக்கும்."

"அக்கா..."

"நீ போயி அந்தச் சுழிய அழிச்சிட்டு வா. அவங்க அத்த மறுபடி பாக்கக் கூடாது. போ."

திருப்புட்குழியில் பஸ் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வழியில் பெயிண்ட் கடையில் ஒரு சின்ன பாட்டில் தின்னர் வாங்கியிருந்தான். கழனித் தண்ணீரில் வண்டி எண்ணெய் பரவி ஏழு நிறமாக மினுங்கியது. மாலையின் வாடிய சாமந்தி இன்னும் மூக்கில் ஒட்டியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான்.

இறங்கியதும் அவன் கண்ணில் பட்டது தடம்தான். சேடைக்கென்று மாட்டிய இரும்புச் சக்கரம் மிதித்த தடம் கழனியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பிசகாமல் ஓடியிருந்தது. ஒவ்வொரு திருப்பமும் வரப்புக்கு ஒரு முழம் தள்ளி, அகலமாக, நிதானமாக வளைந்திருந்தது. கடைசித் திருப்பமும் அப்படித்தான் தொடங்கியிருந்தது. பத்தொன்பது வருஷம் சேற்றுக் குழியில் டெஸ்ட் டிரைவர்கள் ஓட்டப் பார்த்தவன் அவன். இவ்வளவு சுத்தமாக ஓட்டியவர்கள் அதில் இரண்டு பேர் இருப்பார்கள்.

சாய்ந்த சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தான். எட்டில் ஐந்து போல்ட்டு சேற்றுக்குள் போய்விட்டிருந்தது. மீதி மூன்றிலும் தலை ஒரு பக்கம், அச்சுக்கூடு ஒரு பக்கமாகக் கோடு பிரிந்து கிடந்தது. சுழி மட்டும் அச்சுக்கூட்டின் மேல் போட்டது போட்டபடி இருந்தது. பையில் துணியைத் தேடியபோது வாஷர் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. மீன் எண்ணெய் ஊறி, காகிதம் பிசுபிசுத்தது.

"யாருபா அது?"

சீனிவாசன் குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றார்.

"நான்தாங்க. தாமல் முனிரத்தினம்."

"ஓ, அந்தப் பொம்பள தம்பியா. கம்பெனிக்காரன்." கழனியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "ரெண்டு நாளு ஆச்சிபா. எண்ண எறங்கிப் போச்சி, இதுல நாத்து புடிக்குமா? வண்டி மேல ஒரு தப்பும் இல்லன்னு உங்க ஆளு மத்தியானம் வந்து சொல்லிட்டுப் போனான். நான் அப்பவே நெனச்சேன், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல? இனிமே இந்தப் பக்கம் ஒருத்தனும் அவள கூப்ட மாட்டான். ஓட்டத் தெரியாம ஓட்டிட்டா, அதான?"

முனிரத்தினம் துணியில் தின்னரை ஊற்றிச் சுழியைத் துடைத்தான். மஞ்சள் கரைந்து விரலில் ஒட்டியது. தடம் அவன் காலடியில் தொடங்கி மறுகோடி வரைக்கும் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றான்.

"இன்னா?"

"ஆமாங்க" என்று இன்னொரு தடவை, வரப்புக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான்.